பிரகாசி சாயம் ஏற்றிய முப்பத்தொரு மரங்கள்

உவர்மேட்டில் மரம் என்று எதுவும் நின்றதில்லை. ஒரு பக்கம் கடலும் மற்ற மூன்று பக்கமும் உப்பளமுமாக, நடுவில் மூன்று தெருக்களோடும் ஒரு மாதா கோவிலோடும் கிடந்த அந்த ஊரில், வேம்போ தென்னையோ, எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும் உடைமரமோகூட, மூன்றாம் மாதம் இலை கருகி, ஐந்தாம் மாதம் தண்டில் உப்புப் பூத்து, வெள்ளைக் குச்சியாய் நின்று, கடைசியில் யார் வீட்டு அடுப்புக்காவது போய்ச் சேர்ந்தது. பங்குக்கு வந்த சாமியார்கள் ஆளுக்கொரு கன்று நட்டார்கள்; மாற்றலாகிப் போகும்போது அதன் குழியை மூடிவிட்டுப் போனார்கள். நிழல் வேண்டுமென்றால் வீட்டுக்குள் போக வேண்டும். அளத்தில் நிற்கிறவர்களுக்கு அதுவும் இல்லை. வானத்திலிருந்து ஒரு வெயில், பாத்தியிலிருந்து ஒரு வெயில் என்று இரண்டு வெயிலுக்கு நடுவில் அவர்கள் உப்பு வாரினார்கள்.

அப்படி இருபத்திரண்டு வருஷம் வாரியவள் பிரகாசி. சூசையப்பர் தெருவில் கடைசி வீடு. புருஷன் கயித்தான் அதே அளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது நடக்கும்போதே கண் கூசிக் கூசி, எதைப் பார்த்தாலும் சுண்ணாம்பு பூசினது போலத் தெரிய ஆரம்பித்தது. டவுன் கண்ணாஸ்பத்திரிக்குப் போனாள். மருந்து விட்டு, இரண்டு கண்ணையும் கட்டி, நான்கு நாள் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். வார்டில் புழுக்கம் தாங்காமல் அவள் தடவித் தடவி முற்றத்துக்கு வந்து, ஒரு பெஞ்சிலிருந்து இன்னொரு பெஞ்சுக்கு மாறி மாறி உட்கார்ந்தாள். ஒவ்வொரு பெஞ்சிலும் மேலே விழுந்த குளிர்ச்சி வேறு வேறாக இருந்தது. கூட்டுகிற அம்மாவிடம் இது என்ன மரம், இது என்ன மரம் என்று கேட்டுக்கொண்டாள். வேம்பின் நிழலில் ஓட்டை உண்டு, தோளில் சூடும் குளிருமாகப் பொட்டுப் பொட்டாய் விழும். புளிய நிழல் கனம், தலையில் ஈரத்துண்டு போட்ட மாதிரி உட்காரும். புங்க நிழலுக்குள் நுழைந்தால் தண்ணீருக்குள் கால் வைத்தது போல இருக்கும். வாகை நிழல் இருப்பதே தெரியாது, எழுந்து போனால்தான் தெரியும். நாலாம் நாள் கட்டை அவிழ்த்தபோது அந்த மரங்களின் பச்சையை அவள் முதலில் கண்ணால் பார்த்தாள். தோலுக்குத் தெரிந்ததும் கண்ணுக்குத் தெரிந்ததும் அப்படியே பொருந்தியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படி அது ஒரு பெரிய விஷயமாகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. அந்த மூன்று மாதமும் உவர்மேட்டுப் பெண்களின் கை கிறிஸ்மஸ் குடிலுக்குத் திரும்பும். மூன்று தெருவுக்கும் போட்டி. மாட்டுக்கொட்டிலும் தொட்டிலும் மட்டுமல்ல, ஒரு முழு ஊரையே மண்ணிலும் அட்டையிலும் செய்வார்கள்: ஓலை வீடு, கிணறு, ஆட்டுக்கிடை, பாலம், மலை மேலே கோவில். மரம் மட்டும் எல்லாத் தெருவிலும் மோசமாகவே இருக்கும், ஏனென்றால் செய்கிறவர்கள் மரத்தோடு பழகியவர்கள் இல்லை. அந்த வருஷம் சூசையப்பர் தெருக் குடிலுக்குத் தலைவியாக இருந்த ரெஜீனாளின் தம்பி, மும்பையில் வேலை பார்த்த கடையில் கழித்துப் போட்ட பொம்மை மரங்களைப் பெட்டி நிறைய அனுப்பியிருந்தான். சாண் உயரம், முறுக்குக் கம்பியில் நார் செருகி, சீசா கழுவுகிற பிரஷ் போல இருந்தன. மொத்தம் முப்பத்தொன்று. எல்லாம் ஒரே கரும்பச்சை.

ரெஜீனாள் அவற்றை அப்படியே நட்டுவிடலாம் என்றாள். பிரகாசி ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, முப்பத்தொன்றுக்கும் ஒரே பச்சை இருந்தால் அது மரமில்லை, பெயிண்ட் என்றாள். தன்னிடம் விடச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். பிளீச்சிங் பவுடரில் இரண்டு நாள் ஊறப்போட்டாள். கடைப் பச்சை கழன்று, மரங்கள் நரைத்த தாடி மாதிரி வெளுத்தன. பிறகு பாய்க்குப் போடும் சாயப்பொடிகளை வாங்கி, உடைந்த பானையில் காய்ச்சி, சாயம் பிடிக்க அளத்து உப்பு ஒரு கைப்பிடி போட்டு, ஒவ்வொரு மரமாக முக்கினாள். மஞ்சளில் ஒரு துளி நீலம், நீலத்தில் ஒரு சிட்டிகை காவி. முக்குவாள், எடுப்பாள், கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பாள், தலையை ஆட்டிவிட்டு மறுபடி முக்குவாள். கயித்தான் அடுப்படியில் நின்று பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கலர் பார்க்கிற ஆளை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னான். வேம்பு பதினொன்று, புங்கை ஏழு, புளி ஆறு, பூவரசு நான்கு, வாகை மூன்று. இருபது நாளில் முடித்தாள். அவளுடைய விரல் நகங்கள் தை மாசம் வரை பச்சையாகவே இருந்தன.

கிறிஸ்மஸ் அன்று காலை மழை விட்டு வெயில் அடித்தது. பூசை முடிந்து வந்த சனம் சூசையப்பர் தெரு முனையில் ஆடுகள் கூட்டமாகப் படுத்து அசைபோடுவதைக் கண்டது. ஆடுகள் படுத்திருந்தது நிழலில். தெரு முனையிலிருந்து சிலுவை நிற்கும் குருசடிச் சுவர் வரைக்கும், ஓட்டை ஓட்டையாகவும் கனமாகவும் பொடிப்பொடியாகவும், முப்பத்தொரு முழு வளர்ந்த மரங்களின் நிழல் தரையில் கிடந்தது. மேலே வெறும் வானம். குடிலில் சாண் உயர மரங்கள் தங்கள் இடத்தில் நின்றன; அவற்றின் காலடியிலிருந்துதான் அந்த நிழல்கள் புறப்பட்டு, காற்றடித்தால் ஆடி, காற்று நின்றால் நின்றன. கயித்தான் வீட்டுக்குப் போய் நாற்காலியைக் கொண்டுவந்து புங்க நிழலில் போட்டு உட்கார்ந்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் போய்ப் பாய் கொண்டுவந்தார்கள். காகங்கள் வந்து கிளையைத் தேடி நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியில் தரையில் இறங்கி, நிழலின் கிளைகளிலேயே வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

மற்ற இரண்டு தெருக்காரர்களும் பங்குச் சாமியாரிடம் புகார் சொன்னார்கள். மரம் சாண் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது போட்டி விதி. சூசையப்பர் தெருவின் மரங்கள் முப்பது அடிக்குக் குறையாது என்பது அவர்கள் வாதம். சாமியார் ஸ்கேல் எடுத்துவந்து முப்பத்தொரு மரத்தையும் குனிந்து அளந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, மரம் சாண்தான் இருக்கிறது, நிழலைப் பற்றி விதியில் ஒன்றும் எழுதவில்லை என்று தீர்ப்புச் சொல்லி, முதல் பரிசைக் கொடுத்துவிட்டு, வாகை நிழலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் குடித்தார்.

அதன் பிறகு அந்த நிழல் ஊர் விவகாரம் ஆனது. கருவாடு காயப்போடுகிறவள் வந்து, புளியை ஒரு விரற்கடை வடக்கே தள்ளி வைத்தால் தன் முற்றத்துக்கு வெயில் வரும் என்று கேட்டாள், தள்ளி வைத்தார்கள். வேப்ப நிழல் தன் மொட்டைமாடியில் விழட்டும் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். திங்களும் வியாழனும் அவருக்கு என்று முடிவாயிற்று. ஒரு பெண் பார்க்கும் சடங்கு பூவரச நிழலில் நடந்து, மாப்பிள்ளை வீட்டார் இந்த ஊரில் இவ்வளவு குளுமை இருக்கும் என்று நினைக்கவில்லை என்று சொல்லிச் சம்மதித்துப் போனார்கள். தபால்காரர் உவர்மேட்டுக்கு நண்பகலில் வரும்படி தன் வழியை மாற்றிக்கொண்டார். இது எப்படி நடந்தது என்று பிரகாசியிடம் யாரும் கேட்கவில்லை. எந்தச் சாயப்பொடி, எந்தக் கடை என்று மட்டும் கேட்டார்கள். மற்ற தெருப் பெண்கள் அதே பொடியை வாங்கி, அதே மாதிரி உப்புப் போட்டு முக்கிப் பார்த்தார்கள். அவர்களுடைய மரங்களுக்குச் சாண் நிழல்தான் விழுந்தது.

ஜனவரியில் மூவிராசாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும் நாள் வந்தது. வழக்கப்படி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்ற வேண்டும். ரெஜீனாள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பிரகாசி மரங்களை முந்தியில் வாரிக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

“பெட்டியில வேண்டாம் மைனி. அளத்துக்குக் கொண்டுபோவோம்.”

பிரகாசியையும் ரெஜீனாளையும் சேர்த்து அளத்தில் இருபத்தாறு பெண்கள் வேலை பார்த்தார்கள். உட்கார ஒரு கொட்டகை போடச் சொல்லிப் பதினேழு வருஷமாகக் கேட்டுவந்தார்கள். கம்பு நட்டால் உப்பு தின்றுவிடும், தகரம் போட்டால் துருப்பிடித்துவிடும் என்று பதினேழு வருஷமும் ஒரே பதில் வந்தது. பகல் பன்னிரண்டுக்கு அரைமணி நேரம் சோற்றுக்கு விடுவார்கள். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியை மடியில் வைத்து, வெயிலுக்கு முதுகைக் காட்டிச் சாப்பிடுவார்கள். மாசியில் பாத்தி கட்டி முடிந்து உப்பு விளையத் தொடங்கியபோது, அவர்கள் வரப்பு நெடுக மரங்களை ஊன்றினார்கள். முதல் நாள், சோறு தின்றதும் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தார்கள். இரண்டாம் நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் சிரிப்புச் சத்தம் பம்புசெட் வரைக்கும் கேட்டது என்று கங்காணி சுடலைக்கண்ணு பிற்பாடு சொன்னார்.

பங்குனியில் முதலாளி டவுனிலிருந்து காரில் வந்தார். வரப்பில் நடந்து பார்த்தார். நிழல் சாய்ந்த இடங்களில், ஒன்பது பாத்தியில், உப்பு பிடிக்காமல் தண்ணீர் தண்ணீராகவே நின்றது. அது உண்மைதான். பிரகாசி முன்னே வந்து, மரங்களை எடுத்து உப்புக் குவிக்கிற மேட்டில் வைத்துக்கொள்கிறோம், அங்கே பாத்தி இல்லையே என்று சொல்லிப் பார்த்தாள். முதலாளி அவளைப் பார்க்காமல் சுடலைக்கண்ணுவிடம், அளம் விளையாட்டுச் சாமான் வைக்கிற இடமில்லை, எல்லாவற்றையும் பிடுங்கிக் கோடவுனில் போட்டுப் பூட்டு என்றார். சுடலைக்கண்ணு கூடையை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கோடவுனுக்குள் கொண்டுபோய்ப் போட்டபோது கூடை சரிந்து, மரங்கள் மூட்டைகளின் இடுக்கெல்லாம் உருண்டு போயின. அவர் பூட்டிவிட்டு வந்தார்.

நிழலும் கூடவே போனது. உள்ளே சூரியன் இல்லை என்பது அதற்கு ஒரு பொருட்டாக இல்லை. முப்பத்தொரு மரத்தின் நிழல் ஒரே கட்டடத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அடைந்து, கெட்டித்து, மறுநாள் காலையில் கதவிடுக்கு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் பிதுங்கி, ஆபீஸ் மேல் ஏறியது. ஆபீசில் பகல் பதினோரு மணிக்கு டார்ச் அடித்து ஆஜர் எடுத்தார்கள். மூட்டையில் இருந்த உப்பு குளிரில் வேர்த்து, பாறையாக இறுகியது. லாரி டிரைவர்கள் வண்டியை அந்தப் பக்கம் நிறுத்தியதும் கொட்டாவி விட்டு, ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிப்போனார்கள். மரங்களை வெளியே எடுத்துவரச் சொல்லி உள்ளே மூன்று ஆட்களை அனுப்பினார்கள். டார்ச் வெளிச்சம் கையளவு தூரத்திலேயே அணைந்தது. ஒருவன் உப்பு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான், ஒருவன் வெறுங்கையோடு வந்தான், இன்னொருவன் உள்ளேயே படுத்துவிட்டான். அவனை மறுநாள்தான் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

நிழல் கோடவுனில் அடைந்து கிடந்த மூன்று நாளும் பெண்கள் மட்டும் பழையபடி வெயிலில் நின்று உப்பு வாரினார்கள். நிழல் பழகின உடம்புக்கு வெயில் முன்னைவிடக் கொடுமையாக இருந்தது. மூன்றாம் நாள் நண்பகலில் ரெஜீனாள், வாருபலகையைப் பிடித்தபடியே, ஒரு சத்தமும் இல்லாமல் பாத்திக்குள் விழுந்தாள். முகமெல்லாம் உப்பு. அவளை எங்கே கிடத்துவது என்று நாலு பக்கமும் பார்த்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நிழல் இருந்தது ஒரே இடத்தில். பிரகாசியும் மூன்று பேரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, கோடவுன் வாசலில் கிடத்தினார்கள். கால்மணி நேரத்தில் ரெஜீனாள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். பிரகாசி அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பிரகாசி திரும்பப் பாத்திக்குப் போகவில்லை. மற்ற இருபத்து நாலு பேரும் வாருபலகைகளை வரப்பில் சாத்திவிட்டு, ஒருவர் பின் ஒருவராக வந்து அந்த வாசலில் உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் முதலாளி வந்தார். ஆபீஸ் வாசலைக் கண்டுபிடிக்க முடியாமல், கார் லைட்டைப் போட்டுவிட்டு வெளியிலேயே நின்றார். அவருக்குப் பக்கத்தில் நின்ற சுடலைக்கண்ணு, இவளால்தான் முடியும் என்று பிரகாசியைக் காட்டினார். இருட்டில் ஒரு சாண் மரத்தை யாராலும் தேட முடியாது, செய்தவளுக்குத்தான் தெரியும் என்றும் சொன்னார். முதலாளி இந்தத் தடவை அவளை நேராகப் பார்த்தார்.

“அம்மா, உள்ளே போய் அதையெல்லாம் எடுத்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.”

பிரகாசி எழுந்து நின்றாள். ரெஜீனாளின் முகத்திலிருந்து உதிர்ந்த உப்பு அவள் சேலையில் ஒட்டியிருந்தது. அதை அவள் தட்டவில்லை.

“வீட்டுக்கு இல்ல முதலாளி. மேட்டுல நிக்கும். பாத்தியில ஒரு பொட்டு நிழலு விழாது, அது என் பொறுப்பு. பதினொண்ணுலேருந்து மூணு வரைக்கும் நாங்க அதுல இருப்போம்.”

“நாலு மணி நேரமா? அப்புறம் உப்பை யார் வாருவது?”

“விடியுமுன்ன வந்து வாருதோம். மூணுக்கு மேல வாருதோம். உப்பு விளைய வெயிலு வேணும், சரிதான். ஆளு வந்து வெயில்ல நிக்கணும்னு உப்பு கேக்கலையே.”

முதலாளி கோடவுனைத் திரும்பிப் பார்த்தார். ஒரு லாரிக்குள்ளிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. சுடலைக்கண்ணு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பாறையான மூட்டைகளை உடைக்கவே ஒரு வாரம் ஆகும் என்று பொதுவாகச் சொன்னார். முதலாளி சரி என்றார். பிரகாசி அசையவில்லை. வாயால் சொன்னது போதாது, எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்ட வேண்டும் என்றாள். கார் பானெட்டில் தாளை வைத்து, கார் லைட் வெளிச்சத்தில் சுடலைக்கண்ணு எழுதினார். முதலாளி கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கூட்டத் தெரிந்த இரண்டு பெண்கள் அதைச் சத்தமாக வாசித்து, பதினொன்று என்பதையும் மூன்று என்பதையும் இரண்டு தடவை வாசித்து, சரியாக இருக்கிறது என்றார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பிரகாசி கோடவுனுக்குள் நுழைந்தாள். நுழையும்போதே கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து வைத்து என்ன ஆகப்போகிறது? முப்பத்தொரு நிழலும் குழம்பிக் கிடந்த அந்த இருட்டில், அவள் முகத்தையும் கழுத்தையும் புறங்கையையும் கொண்டு தேடினாள். நெற்றியில் ஈரத்துண்டு கனத்த இடத்தில் குனிந்து, மூட்டைக்கு அடியில் கையை விட்டு, ஒரு புளியை எடுத்தாள். கணுக்காலில் தண்ணீர் ஏறினது போலிருந்த இடத்தில் புங்கை. தோளில் சூடும் குளிருமாகப் பொட்டு விழுந்த இடத்தில் வேம்பு. ஒவ்வொன்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து, பேர் சொல்லி, வெளியே வரிசையில் நின்றவர்கள் கையில் கொடுத்தாள். கோடவுன் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. முதலில் மூட்டைகளின் விளிம்பு தெரிந்தது, பிறகு சுவர், பிறகு கூரையில் ஒரு பல்லி. வாகைதான் கடைசி, மூன்றாவது வாகை இருப்பதே தெரியவில்லை. அவள் எல்லா இடத்தையும் விட்டு விட்டு நடந்து, எந்த இடத்தை விட்டு விலகியபோது மனசுக்கு என்னவோ குறைந்ததோ அந்த இடத்துக்குத் திரும்பிவந்து, கையை நீட்டி எடுத்தாள்.

அப்புறம் அவர்கள் புறப்பட்டார்கள். சிலர் கையில் ஒரு மரம், சிலர் கையில் இரண்டு. ரெஜீனாள் முன்னால் நடந்தாள். அவளை நடக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. சும்மாட்டின் மேல் மரத்தை வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கோடவுனிலிருந்து மேட்டுக்குப் போகும் முக்கால் மைல் உப்புப் பாதையில் இருபத்தாறு பெண்களும் வரிசையாக நடந்தபோது, அந்த வெள்ளை வெளியின் குறுக்கே ஒரு காடு நடந்து போனது. வேம்பும் புளியும் புங்கையும் பூவரசும் தரையில் அசைந்து அசைந்து, வரப்பேறி இறங்கி, கால்வாயைத் தாண்டிப் போயின. தூக்கம் தெளிந்த லாரிக்காரர்கள் இறங்கிவந்து அந்தக் காட்டின் ஓரத்திலேயே நடந்தார்கள். ஊரிலிருந்து ஆடுகள் வந்து நடுவில் சேர்ந்துகொண்டன. கயித்தான் தன் நாற்காலியைத் தலைகீழாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். பக்கத்து அளங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி வரப்பு வரைக்கும் ஓடிவந்து, எங்கள் அளத்துக்கும் இதுபோலச் சாயம் போட்டுத் தருவாயா என்று கேட்டாள்.

“வெள்ளை நாரு கொண்டா. கண்ணை மூடிக்கிட்டு ஒரு நாலு நாளு எங்கூட இந்த நிழல்ல வந்து உக்காரு. அப்புறம் நீயே போடுவே” என்றாள் பிரகாசி.

மேட்டில் ஊன்றினார்கள். பாத்தியில் ஒரு பொட்டு நிழல் விழவில்லை. பதினொரு மணிக்கு இருபத்தாறு பேரும் உட்கார்ந்து, தூக்குச்சட்டிகளைத் திறந்து, ஒருத்தி குழம்பை இன்னொருத்தி ஊற்றிக்கொண்டு, முக்காட்டை எடுத்துவிட்டுத் தின்றார்கள். தின்று முடித்ததும் காலை நீட்டினார்கள். பிரகாசி வேப்ப நிழலில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அளத்து மண்ணில் அவள் முதுகு பட்டது அன்றைக்குத்தான்.

பன்னிரண்டரைக்கு, கை பழகின பழக்கத்தில், சுடலைக்கண்ணு விசிலை ஊதினார். ஊதிவிட்டு வரப்பில் நின்றார். ஒருத்தியும் எழவில்லை. மறுபடி ஊதப் போனார்.

பிரகாசி படுத்தபடியே தலையைத் திருப்பினாள். “அண்ணாச்சி, அது நேத்தைய விசிலு. மூணு மணிக்கு ஊதுங்க.”

சுடலைக்கண்ணு கையிலிருந்த விசிலைப் பார்த்தார். அதைச் சட்டைப் பையில் போட்டார். அவருக்கும் தலைக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டுதான் இருந்தது. ரெஜீனாள் காலை மடக்கி இடம் விட்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறி, புளிய நிழலுக்குள் வந்து உட்கார்ந்தார்.